தோட்டத்துப் பழைய படங்கள்: குறைந்த செலவில் எதில் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது?



பள்ளி ஆண்டு மலர் வேலை தொடங்கிவிட்டால் நம் புலனக் குழுக்களில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "பரிசு வாங்குற படத்துல பின்னால குப்பைத்தொட்டி நிக்குது, எதுல அழிக்கலாம்?" "பழைய படம், நடுவுல பெரிய கறை. காசு கட்டாம நல்ல ஆப் ஏதும் இருக்கா?" உடனே பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். கடந்த சில ஆண்டுகளில் அவற்றில் பலவற்றை நானே பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எது எந்த வேலைக்கு ஒத்துவரும், "இலவசம்" என்றால் உண்மையில் எவ்வளவு இலவசம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆனால் எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன்னால் எதை அழிக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியதால் நான் ஒரு தவறு செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அழித்த ஓர் ஆள்

எங்கள் தமிழ்மொழிக் கழகத்தில் தோட்ட வாழ்க்கை பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். வீட்டில் பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டி வீடு உள்ள படிவம் 2 மாணவி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டு வந்தாள். பால் நிறுக்கும் இடத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். வானத்தில் ஒரு பழுப்புக் கறை. வலது ஓரத்தில் பால்வாளியோடு ஒரு பெண், பாதி உடம்பு படத்துக்கு வெளியே, முகமும் கொஞ்சம் கலங்கல்.

கறையை அழித்தேன். நன்றாக வந்தது. அந்த உற்சாகத்தில், வரிசையில் சேராமல் ஓரத்தில் நின்ற பெண்ணையும் அழித்தேன். இரண்டு நிமிட வேலை. அவர் நின்ற இடத்தில் மண் தரையும் ஒரு பால்மரமும் வந்துவிட்டன. படம் 'எடுப்பாக' இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெரிதாக அச்சடித்து மாட்டினேன்.

கண்காட்சி அன்று பாட்டியும் வந்திருந்தார். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வலது ஓரத்தில் விரலை வைத்து, "டீச்சர், இங்க எங்க அக்கா நின்னுச்சே, எங்க போச்சு?" என்றார். அக்கா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாராம். அவர் இருக்கும் படம் அந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான்.

வருடிய கோப்பின் மேலேயே நான் சேமித்திருந்தேன், அதனால் கணினியில் மூலம் இல்லை. நல்லவேளை, அசல் படம் பாட்டி வீட்டு ஆல்பத்தில் பத்திரமாக இருந்தது. மறுபடி வருடி, அக்காவோடு அச்சடித்துக் கொடுத்தேன். அசல் கரையான் தின்ற படமாக இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அழிக்கும்போது மென்பொருள் என்ன செய்கிறது?

படத்தில் ஒன்றை அழித்தால் அதற்குப் பின்னால் இருந்தது வெளியே வராது. பின்னால் என்ன இருந்தது என்று கேமராவுக்கே தெரியாது. அந்த ஓட்டையை எதையாவது கொண்டு அடைக்க வேண்டும். அடைக்கும் வழி மூன்று.

முதலாவது, குளோன். படத்தின் ஓர் இடத்தை அப்படியே எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவது. எங்கிருந்து எடுப்பது என்று நாமே காட்டுகிறோம். தகரக் கூரை, பலகைச் சுவர், வேலி மாதிரி கோடுகள் உள்ள இடத்துக்கு இதுதான் சரி. பொறுமை வேணும்.

இரண்டாவது, ஹீலிங். இதுவும் பக்கத்து இடத்திலிருந்து எடுப்பதுதான், ஆனால் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றபடி கலந்துவிடும். வானம், மண் தரை, முகத்தின் மேல் விழுந்த புள்ளி, கீறல் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். ஆனால் இரண்டு வேறு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில் பயன்படுத்தினால் அழுக்காகக் கலங்கிவிடும்.

மூன்றாவது, தானாக நிரப்புவது. நாம் இடத்தைச் சுற்றிக் காட்டினால் போதும், மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இதில் இரண்டு வகை இருக்கு. பழைய வகை அதே படத்தின் மற்ற பகுதிகளிலிருந்து துண்டுகளைத் தேடி நிரப்பும். அடோபி ஃபோட்டோஷாப்பில் 2010இல் வந்தது இந்த வகைதான். புதிய வகை செயற்கை நுண்ணறிவு. அது ஏராளமான வேறு படங்களைப் பார்த்துப் பழகியது. அந்தப் பழக்கத்தைக் கொண்டு, உங்கள் படத்தில் இல்லாத ஒன்றைக்கூட வரைந்துவிடும். லயத்து வீட்டு வாசலில் நிற்கும் கம்பத்தை அழித்தால், அங்கே இல்லாத சன்னலை நம்பும்படியாக வரைந்து கொடுக்கும். இன்று எடுத்த படத்தில் குப்பைத்தொட்டியை அழிக்க அது போதும். தோட்டத்துப் பழைய படத்தில் அதே வசதி ஒரு பொய்யைச் சேர்த்துவிடலாம். இந்த வேறுபாடு தெரிந்தால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்தது.

கையில் இருப்பதற்கு ஏற்ற தேர்வு

*கைத்தொலைபேசி மட்டும் இருந்தால்:* ஸ்நாப்சீட் செயலி போதும். கூகுள் நிறுவனத்துடையது, கட்டணம் இல்லை. அதில் 'ஹீலிங்' என்ற கருவி உண்டு. விரலால் தேய்த்தால் சின்னக் கறை, கீறல் போய்விடும். பெரிதாக்கி வைத்துக்கொண்டு சிறு சிறு பகுதியாகத் தேய்க்க வேண்டும், ஒரே இழுப்பில் வேலை நடக்காது. கூகுள் ஃபோட்டோஸில் உள்ள 'மேஜிக் இரேசர்' 2021இல் பிக்சல் போன்களுக்கு மட்டும் வந்தது. 2024 மே முதல் மற்ற போன்களுக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நினைவகம் குறைந்த பழைய போன்களில் வராது, எனவே எல்லா மாணவர்களிடமும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாம்சுங் போன்கள் பலவற்றில் படத்தொகுப்புச் செயலியிலேயே பொருளை அழிக்கும் கருவி இருக்கு. புதிதாக ஒன்றைப் பதிவிறக்கும் முன் அதைப் பாருங்கள்.

*பள்ளிக் கணினியில், எதையும் பதிவேற்ற அனுமதி இல்லாவிட்டால்:* ஃபோட்டோபியா. உலாவியிலேயே திறக்கும் மென்பொருள், பக்கவாட்டில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப் போலவே இருக்கும். குளோன், ஹீலிங், தானாக நிரப்புதல் எல்லாம் உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, உலாவியில் ஓடினாலும் படம் வேறு எங்கும் அனுப்பப்படுவதில்லை, வேலை நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் இணையம் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

*சொந்தக் கணினி அல்லது மடிக்கணினி இருந்தால்:* கிம்ப். 1996 முதல் இருக்கும் திறந்தமூல மென்பொருள். விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. 2025இல் இதன் 3.0 பதிப்பு வந்தது. முதல் வாரம் மிரட்டும், உண்மைதான். ஆனால் நமக்குத் தேவை குளோன், ஹீல் என்ற இரண்டே கருவிகள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தைச் சொடுக்க வேண்டும், பிறகு விசையை விட்டுவிட்டுக் கறையின் மேல் தேய்க்க வேண்டும். பழைய படங்களுக்கு நான் இன்று பயன்படுத்துவது இதைத்தான்.

அஃபினிட்டி என்ற மென்பொருள் முன்பு விலைக்கு விற்றது. கேன்வா நிறுவனம் அதை 2024இல் வாங்கி, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்று வேணும், கணினியும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். கிம்ப் பிடிக்காதவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

*புதிய படத்தில் சிறு வேலை என்றால்:* விண்டோஸ் 11 கணினியில் ஏற்கெனவே உள்ள 'ஃபோட்டோஸ்' செயலியில் அழிக்கும் வசதி 2024 முதல் இருக்கு. நம்மில் பலர் டெலிமா கணக்கு வழியாகக் கேன்வாவைப் பயன்படுத்துகிறோம். அதிலும் ஒரு 'மேஜிக் இரேசர்' உண்டு, கூகுளுடையது வேறு, இது வேறு. உங்கள் கணக்கில் அது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் செயற்கை நுண்ணறிவு வகை. ஆண்டு மலருக்குச் சரி, பழைய படத்துக்கு வேண்டாம்.

*காசு கட்டித்தான் ஆக வேண்டுமா?* நம் தேவைக்கு வேண்டாம் என்பேன். ஃபோட்டோஷாப் சந்தா மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு மலர், ஒரு கண்காட்சி என்று செய்கிறவருக்கு அது வீண். அதன் சிறிய வடிவமான எலிமெண்ட்ஸ் முன்பு ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்று இருந்தது. 2025 பதிப்பிலிருந்து மூன்று ஆண்டு உரிமம்தான். பள்ளிப் பணத்தில் செலவழிக்க வாய்ப்பிருந்தால் மென்பொருளை விட நல்ல வருடி ஒன்று வாங்குவது மேல். மங்கலாக வருடிய படத்தை எந்த மென்பொருளாலும் தெளிவாக்க முடியாது.

"இலவசம்" என்பதற்கு உள்ளே இருக்கும் விலை

தேடினால் "ஒரே சொடுக்கில் அழிக்கலாம், இலவசம்" என்று நிறைய இணையக் கருவிகள் வரும். பயன்படுத்தும் முன் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, திருப்பித் தரும் படத்தின் அளவு. இலவசப் பயனருக்குப் படத்தைச் சிறிதாக்கித் தரும் கருவிகள் பல. திரையில் வேறுபாடு தெரியாது, அச்சில்தான் தெரியும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 720 புள்ளி அகலமுள்ள படம் அந்தக் கணக்கில் 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர்தான் வரும். ஏ4 தாள் முழுக்க வர 2480 புள்ளி அகலம் வேண்டும்.

இரண்டு, முத்திரை. அழித்து முடித்துச் சேமிக்கும்போதுதான் குறுக்கே நிறுவனத்தின் பெயர் விழும். முதலில் தேவையில்லாத படம் ஒன்றைப் போட்டு, சேமிப்பது வரை போய்ப் பாருங்கள்.

மூன்று, வங்கி அட்டை எண். "7 நாள் இலவசம்" என்று அட்டை எண் கேட்டால் விலகிவிடுங்கள். எட்டாவது நாள் நமக்கு ஞாபகம் இருக்காது, அவர்களுக்கு இருக்கும்.

நான்கு, படம் எங்கே போகிறது? பல கருவிகளில் படம் வெளிநாட்டில் உள்ள அவர்களுடைய கணினிக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. மாணவர் முகம் உள்ள படத்தையும், ஒரு குடும்பம் நம்மை நம்பிக் கொடுத்த படத்தையும் அப்படி அனுப்ப நமக்கு உரிமை இருக்கிறதா என்று யோசிக்கணும். கிம்ப், ஃபோட்டோபியா இரண்டையும் நான் முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை செய்யும் வரிசை

1. படத்தை ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு வருடுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் வருடினால் 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும். அதைக் கிட்டத்தட்ட ஏ4 அளவுக்கு நன்றாக அச்சடிக்கலாம்.

2. வருடி இல்லையென்றால் சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து போனில் எடுங்கள். கண்ணாடிப் பளபளப்பு விழுந்தால் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி உதவும்.

3. படத்தின் பின்பக்கத்தையும் வருடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ எழுதிய பெயர் அங்கேதான் இருக்கும்.

4. மூலக் கோப்புக்கு 'மூலம்' என்றே பெயர் வைத்து, தனி உறையில் போட்டு, இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். அதைத் திறந்து திருத்தவே கூடாது. வேலையெல்லாம் பிரதியில்தான். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

5. கிம்ப்பிலோ ஃபோட்டோபியாவிலோ படத்தின் மேல் இன்னோர் அடுக்கு போட்டு, திருத்தத்தை அந்த அடுக்கில் செய்யுங்கள். அடுக்கை மறைத்தால் பழைய படம் தெரியும். எங்கே கை வைத்தோம் என்று எப்போதும் சரிபார்க்கலாம்.

6. படத்தைப் புலனத்தில் அனுப்பும்போது 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

எதை அழிக்கலாம்?

மென்பொருள் உலகில் இந்த வேலைக்கு 'இன்பெயின்டிங்' என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது அருங்காட்சியக ஓவியச் சீரமைப்பாளர்களிடமிருந்து. அந்தச் சீரமைப்பாளர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: வண்ணம் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்பணும், ஓவியன் வரைந்த இடத்தில் கை வைக்கக்கூடாது. நிரப்பியதைப் பின்னாளில் ஒருவர் நீக்கவும் முடியணும். சொல்லோடு அந்தக் கட்டுப்பாட்டையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் வேலைக்கு அதை இப்படிச் சொல்வேன்: காகிதத்துக்கு நேர்ந்ததை அழிக்கலாம், கேமரா பார்த்ததை அழிக்கக்கூடாது.

பூஞ்சைக் கறை, கரையான் அரித்த ஓட்டை, மடிப்பு, கீறல், குண்டூசித் துரு, பசை மஞ்சள் இவையெல்லாம் பிற்காலத்தில் காகிதத்துக்கு நேர்ந்தவை. தாராளமாகச் சரிசெய்யலாம். ஆனால் கறை ஒரு முகத்தின் மேல் இருந்தால் அப்படியே விடுங்கள். கண்ணும் மூக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மென்பொருள் வரைந்தால் அது வேறொருவர் முகம். "முகத்தைத் தெளிவாக்குகிறேன்" என்று சொல்லும் செயலிகளும் இதையேதான் செய்கின்றன.

கொடியில் காயும் துணி, வாசலில் கிடக்கும் வாளி, சுவரில் சாய்த்த சைக்கிள், ஓரத்தில் வந்துவிட்ட ஆள் எல்லாம் கேமரா பார்த்தவை. இன்று நம் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியலாம். ஆனால் லயத்தில் எத்தனை வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், பிரட்டுக்களத்துக்கு யார் எந்த உடையில் வந்தார்கள், பிள்ளைகள் காலில் செருப்பு இருந்ததா என்பதற்கு இந்தப் படங்கள்தான் சாட்சி. துரை வீட்டையும் தொழிற்சாலையையும் படம் எடுக்க ஆள் இருந்தார்கள். லயத்து வாசலை யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. திருமணப் படத்தின் ஓரத்திலும் திருவிழாப் படத்தின் பின்னாலும் தற்செயலாக வந்து விழுந்ததுதான் நமக்கு மிச்சம்.

பேனா எழுத்தும் அப்படித்தான். படத்தின் மேலேயே பெயர் எழுதியிருப்பார்கள், இறந்தவர் தலைக்கு மேல் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அது கறை இல்லை, குடும்பம் எழுதி வைத்த குறிப்பு.

ஆளை அழிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1937இல் மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நிக்கொலாய் யெஷோவ் நிற்கும் படம் எடுக்கப்பட்டது. 1940இல் யெஷோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. அவர்கள் அரசியலுக்காகத் திட்டமிட்டுச் செய்தார்கள். நான் 'எடுப்பாக' இருக்கட்டும் என்று செய்தேன். நோக்கம் வேறு, ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது ஒன்றுதான்: அங்கே ஆள் இல்லை.

நம் மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நெகிரி செம்பிலானில் 60க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' இருக்கு. ஆனால் தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் காலியாகி, சில இடங்களில் அதுவும் போய்விட்டது. நீலாய் பக்கம் போனால் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. மறுபடி போய்ப் படம் எடுக்க அந்த இடம் இல்லை.

இன்றைய படங்களுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ஆண்டு மலர் அட்டையில் மின்கம்பியை எடுக்கலாம், குப்பைத்தொட்டியை எடுக்கலாம். ஆனால் மாணவரை எடுக்காதீர்கள், பள்ளி மாறிப் போனவராக இருந்தாலும்.

வகுப்பில் இதைச் செய்யலாம்

மாணவர்கள் இந்தச் செயலிகளை நம்மை விட வேகமாகப் பழகிவிடுவார்கள். அந்த வேகத்தைப் பாடத்துக்குத் திருப்பலாம். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய படத்தை வருடி வரட்டும். அதில் தெரியும் பத்துப் பொருள்களைப் பட்டியலிடட்டும். தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை எழுதட்டும். நமக்குத் தெரியாத சொல் நிறைய வரும். அதன் பிறகுதான் கறையை அழிக்கும் வேலை. முடிவில் படத்துக்குக் கீழே நான்கு வரிக் குறிப்பு: இடம், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் யார், என்ன சரிசெய்யப்பட்டது. "வானத்தில் இருந்த கறையும் இடப்பக்க மடிப்பும் நீக்கப்பட்டன, வேறு மாற்றம் இல்லை" என்று ஒரு வரி போதும்.

எங்கள் கழகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் சரிசெய்த படத்தை, படம் கொடுத்த வீட்டுக்கு அனுப்பிக் காட்டுவோம். "எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்போம். ஆம் என்ற பதில் வந்த பிறகே அச்சடிக்கிறோம்.